ஹார்னுக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் மில் வேனில் டிரைவர் சமுத்திரம் அண்ணன் டேப் ரிக்கார்டர் மாட்டி, ஹார்ன் ஃபியூஸிலிருந்தே கரண்ட் எடுத்திருந்தார். ஃபியூஸ் அடிக்கடி போனதால், அந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகிவிட்டார். நேற்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது வயர் கருகும் வாடை வந்தது. சொல்லக் கூச்சப்பட்டேன். வாடை கூடியதும், "வண்டியை நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

"அந்தா, புளியமரத்துக்குப் பொறவு மறைவா இருக்கு. போயிட்டு வாம்மா" என்றார் அண்ணன். வேனே சிரித்தது.

நான் மில் எலக்ட்ரீஷியனிடம் கற்றுக்கொண்டபடி பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லி, கருகிய வெள்ளித்தாளை எடுத்துக் காட்டினேன். "செத்த முன்னாடியே சொன்னா என்னம்மா? அம்புட்டுக் கூச்சமா?" என்றார். இன்று ஃபியூஸ் பெட்டியில் காலியாக இருந்த இடத்தில் டேப்புக்குத் தனி ஃபியூஸ் போட்டு, வேறு வயர் இழுத்துக் கொடுத்தேன்.

இனி என் கேசட்டைத்தான் முதலில் போடுவாராம். என்னிடம் ஏது கேசட்? மாமா வீட்டு டேப்பில் அம்மாவைப் பேசச் சொல்லிப் பதிந்து அனுப்புங்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதும். வேனில் வருவதெல்லாம் ஹாஸ்டல் பெண்கள்தான். எல்லோருமே பதில் சொல்வார்கள்.

ஹார்ன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
கோகிலவாணி