ஒரு கட்டைப் பாட்டு

மார்ச் 4

அவர் போன பிறகு இன்றைக்குத்தான் ஸ்டூடியோவுக்குப் போனேன். இதுதான் எங்கள் பேண்டின் கடைசி ஆல்பம், இதோடு கடையைக் கட்டுகிறோம். எல்லாப் பாட்டும் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அதற்கு அவர் கிட்டாரை மட்டும் வாசித்து வைத்திருக்கிறார். பாடுவதற்குள் நெஞ்சுவலி.

“வேற யாரையாவது வச்சுப் பாட வைக்கலாமா அண்ணி?” என்றான் கொழுந்தன். அவன்தான் ட்ரம்ஸ்.

“ஏன், நானும் சேர்ந்தா செத்துப் போயிட்டேன்?”

அவன் முகம் தொங்கிப்போனது. சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் பாடப்போவது நான்தான்.

மார்ச் 5

அவர் ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவர். எனக்கு அஞ்சு கட்டை. மேலே எடுத்தால் கீச்சிடுகிறது, கீழே எடுத்தால் கிணற்றில் விழுகிறது.

மார்ச் 7

சவுண்டுக்காரர் கம்ப்யூட்டரில் கிட்டாரை என் கட்டைக்கு ஏற்றிக் காட்டினார். கொசு வாசித்த மாதிரி இருந்தது.

“அவரைத் தொடாதீங்க. நான் இறங்கி வரேன்.”

மார்ச் 8

பாத்திரம் கழுவிக்கொண்டே பாடிப் பார்த்தேன். சண்டை வந்தால் நான் கத்துவேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார், எனக்கு அதுதான் பயம். இன்றைக்கு அந்தக் குரலில் அவரையே திட்டுகிற மாதிரி பாடினேன். யாரைக் கேட்டுக்கிட்டு போனே, என்னய்யா அவசரம் உனக்கு — வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது!

மார்ச் 9

அழுதேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 12

“தொண்டை கட்டியிருக்கும்மா, நல்லாத் தூங்கிட்டு வாங்களேன்,” என்றார் சவுண்டுக்காரர்.

“இனிமே இதுதான் என் தொண்டை. ஓட விடுங்க.”

ஹெட்போனில் அவர் விரல் கம்பியில் வழுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒரே மூச்சில் பாடி முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். இன்னொரு தடவை பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாடியிருக்க மாட்டேன். நன்றாகத்தான் பாடினேன், எனக்கே தெரியும்.

மே 20

ஆல்பம் வெளியே வந்துவிட்டது. காலையில் அவருடைய அக்கா போன் பண்ணினார், ஒரே அழுகை.

“ஏம்மா, தம்பி கடைசிப் பாட்டைப் பாடிட்டுத்தான் போனானா? ஒரு வார்த்தை சொல்லலையே நீ!”

“அது நான்தான் அண்ணி.”

அழுகையை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்.

“அதானே பார்த்தேன். அவன் ஏது இவ்வளவு சுதி சுத்தமா!”