மாட்டுக்குப் போட்டால் குப்பையில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். காலையிலிருந்தே புகைமூட்டம், மேரு ஊர்ப் பக்கம் வானமே தெரியவில்லை. தொண்டை கரகர.

புதன் ஆபீஸ் சாப்பாட்டுக்கு: வாழை இலை சொல்லியாச்சு. பூசணி, கத்தரிக்காய், தயிர் நாளை பாசாரில். அப்பளம் பழைய ஸ்டாக், நமுத்துப் போச்சு, மாற்றணும். பெரிய தவலைக்கு ஒரு பக்கப் பிடி ஆடுகிறது. இவரிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

ஆடி மாதம். ஒரு கல்யாணம் கிடையாது, ஒரு நிச்சயம் கிடையாது. கிள்ளானில் கேட்டரிங் நடத்துகிறவர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாதம். எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு எரிகிறது என்றால் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து உயரக் கட்டட ஆபீஸால்தான். வாரா வாரம் புதன் மதியம் வாழை இலைச் சாப்பாடு, ஒரு வருஷ கான்ட்ராக்ட். இந்த மாதக் கடைசியில் புதுப்பிக்கணும். அது போனால் ஆடியில் வேலையாட்களுக்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான் விஷயம்.

கான்ட்ராக்ட் கிடைத்தது என் சாம்பாருக்காக இல்லை. எங்களிடம் குப்பை விழுவதில்லை என்பதற்காக. சாப்பிட்ட இலை, மீந்த சோறு எல்லாம் சுப்பையா அண்ணனின் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும். அவர் பால் கோயிலுக்கும் டீக்கடைக்கும் போகும். நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நம் ஆட்களுக்கு மாட்டுக்குப் போட்டால் அது குப்பையே இல்லை, புண்ணியம். குப்பை லோரிச் செலவும் மிச்சம். புண்ணியமும் மிச்சமும் ஒரே வண்டியில் போனால் யார் வேண்டாம் என்பார்கள்?

மாலை கவிதா போன். அந்த ஆபீஸில் சுற்றுச்சூழல் வேலை பார்க்கிற பெண். நல்ல பிள்ளை, மூச்சு விடாமல் பேசும். "ஆன்டி, நாளைக்கு மாடு பாக்க வரலாமா? வருஷ ரிப்போர்ட்டுக்கு ரெண்டு போட்டோ வேணும் லா." வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புகை கொஞ்சம் குறைவு. பூசணி நல்லதாகக் கிடைத்தது.

கவிதா வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தாள். கொட்டகை மேருவுக்கு உள்ளே, செம்பனைத் தோட்ட ஓரத்தில், பின்னால் ஏதோ ஃபேக்டரிச் சுவர். சுப்பையா அண்ணன் போட்டோவுக்காகத் தலை சீவி, பவுடர் கூடப் போட்டிருந்தார். "பால்ல தண்ணி ஊத்துறத மட்டும் எடுத்துடாதம்மா" என்றேன். முறைத்தார்.

மாட்டோடு பச்சைப் பையும் படத்தில் தெரியணுமாம். பை அவர்களுடையது. கம்பெனிப் பேர் அச்சடித்து, போன மாதத்திலிருந்து அவர்களே கொடுக்கிறார்கள். மட்கும் பை, சோளத்தில் செய்தது. அதற்கு முன்னால் பாக்கியம் அக்கா, எங்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறவர், சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பல்குச்சி, டிஷ்யூ, பாட்டில் மூடி எல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் கூடையில் போடுவார். இப்போது ஆபீஸ்காரர்களே பிரித்து, இலையைப் பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். பாக்கியம் அக்காவின் அந்த ஒரு மணி நேரக் கூலியை நிறுத்திவிட்டேன். சுப்பையா அண்ணனிடமும் நான்தான் சொன்னேன்: "பையும் சோளந்தாண்ணே, அவுக்க வேணாம், அப்படியே போடுங்க."

ராணி, அந்தச் செவலை, ஓரமாக நின்றது. அசை போடவில்லை. "நேத்துலருந்து தீனி எடுக்கல, வெயில் லா" என்றார் அண்ணன். மற்ற மாடுகள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் ஆடாமல் நிற்கிற ராணிதான் போட்டோவுக்குச் சரி என்றாள் கவிதா. படம் அழகாகத்தான் வந்திருக்கிறது. எனக்கும் அனுப்பினாள்.

ஆகஸ்ட் 6, புதன்

சமையல் நன்றாக அமைந்தது. ரசம் தீர்ந்தே போச்சு. சீன அதிகாரி ஒருவர் மூன்று தரம் மோர் மிளகாய் கேட்டு வாங்கினார்.

காதில் விழுந்தது: "உன் பக்கமா மடி, எதிர்ப்பக்கம் மடிச்சா சாவு வீடுன்னு அர்த்தம்." புதுப் பையன் ஒருவன் அவசர அவசரமாக இலையைத் திருப்பி மடித்தான்.

சாப்பாட்டுக்கு முன்னால் வெளியாள் ஒருவர் பேசினார். விலை இல்லாத எதையும் மனுஷன் வீணாக்கிவிடுவான், காற்றுக்கும் ஆற்றுக்கும் ஒரு விலை வைத்தால்தான் பார்த்து நடப்பான் என்று. பாயசக் கரண்டியோடு நின்று கேட்டேன். சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் தண்ணீர் பில் ஏறினால்தான் இவர் குழாயை மூடுகிறார்.

வேனில் வரும்போது சுப்பையா அண்ணன் போன். "இன்னிக்கு எலை கொண்டாராத மல்லிகா. ராணிக்கு எடது பக்கம் வயிறு உப்பிப் போச்சு. தட்டுனா மேளம் மாதிரி கேக்குது." பைகள் வேனிலேயே கிடக்கின்றன. நாற்றம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாட்டு டாக்டர் வந்தார். மலாய்க்காரப் பெண், சின்ன வயது, முட்டி வரைக்கும் பூட்ஸ். மாட்டை நிற்க வைத்தே மரத்துப்போக ஊசி போட்டு, இடது விலாவில் கிழித்தார். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்தேன்.

கை முழுவதையும் உள்ளே விட்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பச்சைப் பைகள். ஒன்றோடு ஒன்று முறுக்கி, பிழிந்த துணி மாதிரி. கம்பெனிப் பேரைப் படிக்க முடிந்தது. ரப்பர் பேண்ட், ரஃபியா கயிறு, ஏதோ கடையில் தாப்பாவ் என்று கட்டிக் கொடுத்த கறிப் பொட்டலத்து பிளாஸ்டிக், அதெல்லாமும் இருந்தது. எல்லாம் எங்களுடையது இல்லை. முக்கால்வாசி எங்களுடையது. உப்பும் சாம்பாரும் ஒட்டின பையை மாடு விடுமா?

பையை யார் போட்டது என்று டாக்டர் மலாயில் கேட்டார். சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் என்றேன். டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவப் போய்விட்டார். ராணி சினை வேறு. இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாதாம்.

வெளியே வந்து கவிதாவுக்கு அடித்தேன்.

"மட்கும்னு சொன்னியேம்மா?"

"மட்கும் ஆன்டி. ஆனா அதுக்குன்னு ஒரு பிளான்ட் வேணும். நல்லா சூடு குடுத்தாத்தான்."

"அந்த பிளான்ட் எங்க இருக்கு?"

"பக்கத்துல எங்கயும் இல்ல ஆன்டி."

அப்படியானால் இத்தனை நாள் அந்தப் பை எங்கே போய் மட்கும் என்று நினைத்தார்கள்? கேட்கவில்லை. நானும்தான் நினைத்துப் பார்க்கவில்லையே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒருவழியாக மழை. ஆடி வெள்ளி, கோயிலில் கூழ். போகப் பிடிக்கவில்லை, போனேன். அபிஷேகத்துக்குப் பால் இன்று பாக்கெட்.

இவர்: "மாடு பொழச்சிடும். நீ ஊரக் கூட்டாத. இந்த மாசம் முடியட்டும், கையெழுத்து ஆகட்டும், அப்புறம் பேசு." கெட்ட மனுஷன் இல்லை. வேலையாட்கள் சம்பளத்தை நினைத்துத்தான் சொல்கிறார். எனக்கும் அதே கணக்கு மண்டைக்குள் ஓடுகிறது, அதனால்தான் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

பாக்கியம் அக்கா மட்டும் பட்டென்று சொன்னார். "என் ஒரு மணி நேரத்த வெட்டுனீங்கல்ல. இப்ப அத டாக்டருக்குக் குடுங்க." சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

உளுந்து வாங்கணும். அடுப்பு கேஸ் தோம்பு ஒன்று காலி.

ஆகஸ்ட் 9, சனி

விடிவதற்குள் ராணி செத்துவிட்டது. கன்றும் உள்ளேயே.

நாங்கள் போனபோது சுப்பையா அண்ணன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "புண்ணியம்னு சொல்லித்தானே கொண்டாந்து போட்ட?" என்றார். பிறகு, "நானும் தீவனச் செலவு மிச்சம்னுதான வாங்குனேன். ஒன்ன மட்டும் சொல்லி என்ன." முதலாவதே போதும் என்றிருந்தது. இரண்டாவதைத் தாங்க முடியவில்லை. வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவர் வெளியே நின்று யாரோடோ குழி தோண்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பேசினவரை நினைத்துக்கொண்டேன். இலைக்கு விலை பேசினோம், பைக்குப் பேசினோம், பாக்கியம் அக்காவின் நேரத்துக்கும் பேசினோம். மாட்டு வயிறு மட்டும் எல்லாருக்கும் இலவசம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். ரசம் சோறு மட்டும்.

கவிதா போன், குரலில் ஒரே உற்சாகம். ராணி படம் ரிப்போர்ட்டில் முழுப் பக்கமாம். ஆபீஸ் பெரிய பாஸுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். "செராஸ் பிராஞ்ச், ரவாங் பிராஞ்ச், ரெண்டு எடத்துலயும் இதே மாதிரி பண்ணச் சொல்லிட்டாரு ஆன்டி. அங்க உள்ள கேட்டரிங்காரங்களுக்கும் இதே பை, பக்கத்துல உள்ள மாட்டுக்காரங்கள புடிச்சி..."

ராணி செத்துடுச்சும்மா என்றேன்.

அழுதாள் என்று நினைக்கிறேன். பிறகு, "அந்தப் பைய வாங்கச் சொன்னதே நான்தான் ஆன்டி. இப்ப படத்த எடுத்தா ஏன்னு கேப்பாங்க. பேசாம விட்டுடலாமா? நான் ரவாங்ல சொல்லிக்கிறேன், பைய அவுத்துட்டுப் போடச் சொல்லி. உங்க கான்ட்ராக்டும் இந்த வாரமே கையெழுத்து ஆயிடும்."

யோசிக்கிறேன் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை.

படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ராணி அவ்வளவு சாதுவாக நிற்கிறது. வயிறு அடைத்துப் போய் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ரவாங்கில் எவளோ ஒருத்தி, என்னை மாதிரியே, அவிழ்க்க வேணாம், அப்படியே போடுங்க என்பாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை தூறல். பூசணி நறுக்கி முடித்துவிட்டு, இவரிடம் வேனை எடுக்கச் சொன்னேன். வழியெல்லாம் ஜாம். இவர் ரேடியோ கூடப் போடவில்லை.

கவிதா கீழே இறங்கி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சுருக்கமாகச் சொன்னேன்: "படத்தப் போடுறதா இருந்தா மாடு எதனால செத்துச்சுன்னு கீழ எழுது. எழுத முடியலன்னா படத்த எடுத்துடு. நீ சொல்லலன்னா நானே மேல ஏறி வந்து சொல்றேன்."

"நானே சொல்றேன் ஆன்டி" என்றாள்.

மதியம் இரண்டு மணிக்குப் போன். படத்தை எடுத்துவிட்டார்கள். மாட்டுத் திட்டமே வேண்டாமாம், எல்லா பிராஞ்சிலும். பை மட்டும் இருக்கும், ஆர்டர் போயாச்சாம். 'விலங்குகளுக்குப் போடக் கூடாது' என்று அதன்மேல் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறாளாம். அதுவரைக்கும் நல்லது.

"உங்களுக்கு நாளையிலேருந்து வேணாம்னுட்டாங்க ஆன்டி. இந்த மாசக் காசு முழுசா வந்துடும். சாரி ஆன்டி."

அவள் வேலை என்ன ஆச்சு என்று கேட்டேன். தெரியலை என்றாள்.

இவரிடம் சொன்னேன். எழுந்து போய் தவலையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார், இன்று பார்த்து. நறுக்கின பூசணி ஒரு பேசின் நிறைய. இலைக்கட்டு சாயங்காலம் வந்து இறங்கிவிட்டது, திருப்பி அனுப்ப முடியாது.

ஆறு மணிக்கு பாக்கியம் அக்காவும் மற்றவர்களும், கான்ட்ராக்ட் போன விஷயம் தெரியாமல், கைகால் கழுவிக் கிளம்பினார்கள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு எத்தன மணிக்கும்மா?" என்றார்.

எப்பவும்போல அஞ்சு மணிக்கு வந்துடுங்கக்கா என்றேன்.