தண்ணீர் தெளித்த பூக்கூடை

பசுவந்தனை,
18-11-1997

அன்புள்ள அத்தானுக்கு வள்ளிமயில் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அத்தையும் கன்றுக்குட்டியும் சுகம். ராஜஸ்தான் மணலில் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் தங்கள் சுகத்துக்குச் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் வந்தது. மழை உண்டா, வெள்ளைக்கோழியை அடை வைத்தாயா, சைக்கிளுக்கு டயர் மாற்றியாயிற்றா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கோவில்பட்டி டாக்டரம்மா சொன்னதை நான் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தேன். அதற்கு மட்டும் பதிலைக் காணோம். அந்தப் பக்கம் மட்டும் தபாலில் தொலைந்துபோயிருக்கும் என்று வைத்துக்கொண்டு மறுபடியும் எழுதுகிறேன். எனக்கு எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டார்கள். என்னிடம் குறை ஒன்றும் தெரியவில்லையாம். அடுத்து உங்களைப் பார்க்க வேண்டுமாம். பொங்கலுக்கு லீவில் வரும்போது ஒரு காலை நேரம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும்.

நான் ஏன் பறக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. அத்தை இடைசெவலுக்குப் போய்ப் போய் வருகிறார்கள். நீங்கள் பொங்கலுக்கு வந்ததும் உங்கள் மாமா மகளை உங்களுக்கு இரண்டாந்தாரமாகப் பேசி முடித்துவிடுவதாக யோசனை. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நம் வீடு எவ்வளவு பெரிய வீடு என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் பேசினால் அடுப்படியில் கேட்காமல் இருக்குமா?

கோழியைக் கேட்டீர்களே, அடை வைத்தேன். சேவலை அம்மன் கோவில் ஆடிக் கொடைக்கே அடித்துக் குழம்பு வைத்துவிட்டோம் என்பது அத்தைக்கும் மறந்துவிட்டது, எனக்கும் மறந்துவிட்டது. ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. அதற்காகக் கோழியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி நல்ல செய்தி. பெருமாள்சாமி அண்ணாச்சி கிணற்றுத் தோட்டத்தில் ஒரு விதைக் கம்பெனிக்காகப் பருத்தி போட்டிருக்கிறார்கள். பூவோடு பூவைக் கலந்து விதை எடுக்கிற கிராசிங் வேலைக்கு நானும் போகிறேன். அத்தான், பருத்திக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தோம், பருத்திப் பூவை ஒரு நாளாவது உற்றுப் பார்த்திருப்போமா? அதற்குள் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. நடுவில் நிற்கும் தண்டைச் சுற்றி மஞ்சளாகத் தூள் பிடித்திருக்கிறதே, அதெல்லாம் ஆண். உச்சியில் எட்டிப் பார்க்கிற நுனியும் அடியில் இருக்கிற சின்னக் காயும் பெண். சும்மா விட்டால் தனக்குத் தானே கல்யாணம் செய்துகொண்டு காய்த்துவிடும்.

நாங்கள் அதைச் செய்யவிடுவதில்லை. நாளைக்கு மலரப்போகிற மொட்டு முந்தின சாயங்காலமே நீண்டு நிற்கும். கட்டைவிரல் நகத்தால் சுற்றிக் கீறி, இதழையும் ஆண் பகுதியையும் சேர்த்து உருவி எடுத்துவிட வேண்டும். காயில் நகம் படக் கூடாது. பிறகு அதன் தலையில் ஒரு சிவப்புக் காகிதத் தொப்பியைப் போட்டுவிட்டு வருவோம். ராத்திரி முழுக்க அது அப்படியே இருக்கும். காலையில் வெயில் ஏறியதும் தொப்பியை எடுத்துவிட்டு, ஓடைக்கரை நிலத்திலிருந்து பறித்து வந்த வேறு சாதிப் பருத்தியின் மஞ்சள் பூவைக் கொண்டு நுனியில் லேசாகத் தடவி, அடையாளத்துக்கு ஒரு நூல் கட்ட வேண்டும்.

கம்பெனியிலிருந்து ஜெயப்பிரியா என்று ஒரு பெண் மேற்பார்வைக்கு வருகிறது. தானாகவே காய்க்கிறதை ஏம்மா பிரித்து வைக்கிறோம் என்று கேட்டேன். ஒரே வீட்டுக்குள் கலந்தால் திரும்பத் திரும்ப அதேதான் வரும், தூரத்திலிருந்து ஒன்று வந்து கலந்தால்தான் இரண்டிலும் இல்லாத தெம்பு பிள்ளைக்கு வரும் என்று சொன்னது. எனக்கு நீங்கள் எங்கோ தூரத்தில் இருப்பது நினைவு வந்தது. வெளியில் சொல்லவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தால் கரிசல் முழுக்கச் சிவப்புத் தொப்பிகள். இருட்டிக்கொண்டு வருகிறபோது செடி தெரியாது, மண் தெரியாது, சிவப்பு மட்டும் அங்கங்கே மிதக்கிற மாதிரி இருக்கும். தூக்கத்திலும் அதுதான் வருகிறது. அந்தச் சிவப்புக்கு நடுவில் உங்கள் லாரி சத்தமே இல்லாமல் ஊர்ந்து வருகிறது, நான் கைகாட்டுகிறேன், நீங்கள் சிரித்துக்கொண்டே வருகிறீர்கள், ஆனால் பக்கத்தில் வந்து சேருவதில்லை. விழித்துப் பார்த்தால் விரல் நுனியில் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கடிதத்துக்காவது கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

தங்கள் வரவை எண்ணும்,
வள்ளிமயில்


பசுவந்தனை,
9-12-1997

அன்புள்ள அத்தானுக்கு வள்ளிமயில் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்தது.

இந்தத் தடவை பதில் இருந்தது. பட்டாளத்தில் சேரும்போதே உடம்பை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்துத்தான் எடுத்தார்கள், எனக்குக் குறை இருக்க வழியே இல்லை, நீ அம்மா சொல்வதைக் கேட்டு நட என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டாளத்தில் நெஞ்சை அளப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இதையும் பார்ப்பார்களா? அத்தைக்குப் படிக்கத் தெரியாததால் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை. அத்தை சொல்வதைக் கேட்டு நடந்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று நீங்கள் யோசித்தீர்களா, இல்லை, லாரியை நிறுத்தின இடத்தில் அவசரமாக எழுதிப் போட்டுவிட்டீர்களா?

இங்கு எனக்கு மனசு சரியில்லை. கிராசிங் செய்த பூவெல்லாம் பிடிக்காமல் உதிர்ந்துகொண்டிருக்கிறது. கட்டின நூலோடு கீழே கிடக்கிறது. முதலில் நன்றாகத்தான் பிடித்தது. பத்து நாளாக இப்படி. அண்ணாச்சி வீட்டுச் சொர்ணத்தாய் மதினி காட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, எல்லாரும் இருக்கும்போதே, தங்கப்பாண்டி பொண்டாட்டிய பூவத் தொட விடாதிய, புள்ளையில்லாத கை பட்டா காய் எப்பிடி நிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். விதைப்புக்கு முதல் விதை போடப் பிள்ளைகுட்டிக்காரியைத்தான் கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். எனக்கும் அது தெரியும். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டே, நீ களை எடு தாயீ என்றார்கள்.

களைவெட்டியோடு வரிசைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பருத்தி இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. ஜெயப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல், அசுவினியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. இந்தச் சூட்டில் அதற்கு ஆணே வேண்டாமாம். எல்லாம் பெண். பெண்ணே பெண்ணைப் பெற்றுப் போடும். பிறக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்தது வளர்ந்துகொண்டிருக்குமாம். கொடுத்துவைத்த ஜென்மம், மாமியாரும் கிடையாது, மாப்பிள்ளையும் கிடையாது என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. பிறகு சொன்னது: ஆனால் எல்லாம் ஒரே அச்சு அக்கா, ஒரு நோய் ஒன்றைக் கொன்றால் அதே நோய் எல்லாவற்றையும் கொல்லும். ஆணும் பெண்ணும் கலந்து பிறந்தால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, நோய் வந்தாலும் சிலது தப்பித்துவிடும். அதனால்தான் இத்தனை பாடு பட்டாவது பூவும் பறவையும் மனிதரும் இரண்டாக இருக்கிறோமாம்.

அதைக் கேட்டபடியே கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் ஏறு நெற்றியும் என் வாய்த்துடுக்குமாக ஒரு பிள்ளை வரப்பில் ஓடிவந்தது. அது நீங்களும் இல்லை, நானும் இல்லை. அந்த முகம் இதற்கு முன்னால் இந்த உலகத்தில் இருந்ததே கிடையாது. என்னைத் தாண்டி ஓடிப் பருத்திக்குள் போய்விட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கன்றுக்குட்டியைத் தடவப் போனவள் கையை எடுத்துக்கொண்டேன். என் கையைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனம் தேறாத,
வள்ளிமயில்


பசுவந்தனை,
26-12-1997

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். இந்தக் கடிதத்தை நிதானமாக, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

என்னை விலக்கிவிட்டு என் வரிசைகளைச் சொர்ணத்தாய் மதினியே எடுத்துக்கொண்டார்கள். நாலு ஆண்பிள்ளை பெற்ற கை. காலையில் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டுக் காட்டுக்கு வந்தார்கள். அவர்கள் தொட்ட பூவும் உதிர்ந்தது. ஒன்று பாக்கி இல்லாமல் உதிர்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் நீங்கள் என்னை என்ன நினைப்பீர்களோ, கொஞ்சம் பட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஜெயப்பிரியாவுக்குப் பெண் வரிசையை விட்டு ஆண் பூ மேல் சந்தேகம் திரும்பியது. ஓடைக்கரையில் பறிக்கிற மஞ்சள் பூ அண்ணாச்சி வீட்டு முற்றத்துக்கு வந்துதான் தோட்டத்துக்குப் போகும். அந்தப் பெண் விடிந்ததும் போய் அங்கேயே நின்றது. மதினி கூடையை வாங்கினார்கள், மல்லிகைப் பூவுக்குத் தெளிக்கிற மாதிரி கை நிறையத் தண்ணீர் அள்ளித் தெளித்தார்கள், ஈரச்சாக்கைப் போட்டு மூடினார்கள். ஒரு நாள் பூ வாடி வந்ததாம். பாவம், வாடக் கூடாதே என்று அன்று முதல் தினமும் செய்திருக்கிறார்கள்.

மகரந்தத்தில் தண்ணீர் பட்டால் வெடித்துச் செத்துவிடுமாம் அத்தான். ஜெயப்பிரியா பூதக்கண்ணாடி கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னது. காய்ந்த பூவில் அது உருண்டை உருண்டையாகத் தனித்தனியாக நின்றது. ஈரப் பூவில் கசங்கி ஒட்டிக்கிடந்தது. ஆனால் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ஈரப் பூதான் அழகு. மஞ்சள் மின்னிக்கொண்டு, அப்போதுதான் மலர்ந்தது மாதிரி இருந்தது. யாராவது குறை சொல்ல முடியுமா? பட்டாளத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

மதினி ஈரச்சாக்கைக் கூடையிலிருந்து உருவிக் கீழே போட்டார்கள். பிறகு, ஏட்டி வள்ளி, நான் வாடக் கூடாதுன்னுதான்டி செஞ்சேன், போ, ஓன் வரிசைய நீயே பாரு என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மறுநாள் காய்ந்த பூவைக் கொண்டு நான்தான் தடவினேன். இப்போது என் வரிசையில் கோலிக்குண்டு பருமனுக்குக் காய் நிற்கிறது. கோவில்பட்டியில் ரயிலிறங்கி வருகிற யாரும் பார்க்கலாம்.

ஆண் பூவின் மேல் யாருக்கும் கோபம் இல்லை அத்தான். அது தானாகக் கெட்டுப்போகவில்லை. அதற்கு என்ன என்று கேட்க ஆள் இல்லாமல் இருந்ததுதான் தப்பு. திங்கட்கிழமை டாக்டரம்மாவை மறுபடி போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நாள் முழுக்க லாரி, காலடியில் இன்ஜின் கொதிக்கிறது என்றேன். அந்தச் சூடு கூட ஒரு காரணமாக இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும், பல பேருக்குச் சரியாகியிருக்கிறது என்றார்கள். என்னிடம் குறை இல்லை என்று கேட்டபோது வந்த சந்தோஷத்தைவிட, உங்களுக்குச் சரியாகலாம் என்று கேட்டபோது வந்தது பெரிதாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிற பெண் ஒரு பழத்தைச் சும்மா கொடுத்தாள்.

மதினி நம் வீட்டுக்கு வந்து அத்தையிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். ராத்திரி சாப்பாட்டின்போது அத்தை என் வட்டிலில் கருவாட்டுத் துண்டை எடுத்து வைத்தார்கள். இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து குத்தவைத்து, நான் சொல்லுதத அப்பிடியே எழுது என்றார்கள். எழுதுகிறேன்: ஏலே தங்கப்பாண்டி, பொங்கலுக்கு வந்து எறங்குன மறுநாளே இவளக் கூட்டிக்கிட்டு அந்த டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வா. ஆம்பளைக்கு என்னலே வெக்கம். இடைசெவலுக்கு நான் இனிமே போகல.

இதற்குமேல் எழுத எனக்கு என்ன இருக்கிறது? கடிதத்துக்குள் ஒரு சிவப்புக் காகிதத் தொப்பி வைத்திருக்கிறேன். மடிப்பு கலையாமல் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது, ஒரு பூ ஒரு ராத்திரி அதற்குள் இருந்துவிட்டு, இப்போது காயாகிவிட்டது. நேற்று மறுபடியும் அந்தக் கனவு. உங்கள் லாரி இந்தத் தடவை வரப்பு வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் இறங்குவதற்குள் கன்று கத்தி எழுப்பிவிட்டது.

லீவு எழுதிக் கொடுங்கள். மறக்காமல் ரயில் ஏறுங்கள். பயப்படாதீர்கள் அத்தான். சோதனையில் என்ன வந்தாலும் வரட்டும், சரியாக்க முடியாது என்றே சொல்லிவிட்டாலும் சரி, நான் உங்களை விட்டுவிட்டு வேறு மாப்பிள்ளை பார்க்க இடைசெவலுக்குப் போகமாட்டேன். அந்த ஒன்றை நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
தங்கள் வள்ளிமயில்