ராகியின் காலடியில் அன்றைய பேப்பர்

முதலில் தேதியைத்தான் பார்த்தேன். நாயை அப்புறம்தான் பார்த்தேன்.

உன் போன் என் கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பெங்களூரிலிருந்து வந்த உன் மகள், "அம்மா போய் மூணு மாசம் ஆச்சு ஆன்ட்டி, இன்னும் நாய்க்குட்டி கேட்டு போன் வந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அம்மா இல்லைன்னு சொல்ல என்னால முடியல. நீங்களே வெச்சுக்குங்க" என்று உறையோடு கொடுத்துவிட்டுப் போனாள். உறையில் உன் தையல் கடை வாசம் அப்படியே இருந்தது, மிஷின் எண்ணெயும் புதுத் துணியும். ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டேன். இந்த ஒன்றாம் தேதி காலை, நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது அது அதிர்ந்தது. ஒரு போட்டோ. மாமரத்தடியில் ஒரு நாய், முன்னங்காலுக்கடியில் விரித்துவைத்த தமிழ்ப் பேப்பர். விரலால் பெரிதாக்கித் தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதிதான். பிறகு நாயைப் பார்த்தேன்.

கேழ்வரகு நிறம். வலது காது நுனி மட்டும் மடிந்திருந்தது. ராகி. செத்துப்போய்விட்டது, நீ அதை என்னிடம் மறைத்துவிட்டாய் என்று நான் தீர்ப்பே எழுதி முடித்திருந்த நம் ராகி.

கம்பெனி பஸ் கீழே ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து இருபது வருஷமாக சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். நல்லதாக வரும் பீஸைக் கையில் எடுத்து எங்கே கோளாறு என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டுக்கு வரும்போது கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? நீதான் எனக்கு "இன்ஸ்பெக்டரம்மா" என்று பெயர் வைத்தாய். கட்டிங் டேபிளுக்கு அடியில் நான்கு குட்டி, பின்கட்டில் மூன்று நாய் என்று வைத்துக்கொண்டு, வீட்டில் தெலுங்கு, கஸ்டமரிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மூன்று பாஷை பேசுவாய். நாய்களோடு மட்டும் பாஷையே இல்லாமல் பேசுவாய்.

குட்டி கேட்டு வருகிறவர்களை நாம் பார்த்த விதமே வேறு வேறு. நான் வீட்டு ஓனர் சம்மதித்து எழுதிய கடிதம் கேட்பேன், கேட் எத்தனை அடி உயரம் என்பேன், முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது என்று குடைவேன். ஒரு வாத்தியார் எழுந்தே விட்டார். "என் பொண்ணைக் கட்டிக் கொடுக்கும்போதுகூட இத்தனை கேள்வி நான் கேக்கலைம்மா" என்றார். "அதான் தப்பு சார்" என்றேன். நீ வாயில் ஊசியைக் கடித்தபடி சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நீ ஒன்றும் கேட்க மாட்டாய். குட்டியை அவர்கள் மடியில் போட்டுவிட்டு ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்து முடிப்பாய். குட்டி தூங்கிவிட்டால் கொடுக்கலாம். அதுதான் உன் கணக்கு.

அன்றைய பேப்பரோடு போட்டோ என்பது என் ஏற்பாடு. பழைய போட்டோவையே திரும்பத் திரும்ப அனுப்பி ஒரு குடும்பம் நம்மை ஏமாற்றிய பிறகு நான் போட்ட சட்டம். ஒன்றாம் தேதி தவறாமல் நாயை உட்காரவைத்து, காலடியில் அன்றைய பேப்பரை விரித்து, தேதி தெரிய அனுப்ப வேண்டும். "நாயை வளர்க்கத்தானே கொடுத்தோம்? கடத்திட்டா போயிட்டாங்க?" என்று கேட்டாய். ஆனாலும் எல்லாரிடமும் நீதான் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்தாய்.

ராகி என் குட்டி. கேன்டீன் பின்னால் தாய் லாரியில் அடிபட்டுக் கிடந்தபோது கண்கூடத் திறக்காமல் பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தது. இங்க் ஃபில்லரில் பால் விட்டு வளர்த்தேன். ஏழு மாதம் என் கட்டிலுக்குக் கீழேதான் படுத்தது. "நாய் இருக்கணும்னா நீங்க காலி பண்ணுங்க" என்று வீட்டுக்காரர் சொன்ன அன்றைக்கு அதை உன் கடைக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

வேப்பனப்பள்ளிக்காரர் வெங்கடப்பா உன் கடைக்கு மனைவியின் துணி வாங்க வந்தவர். மாந்தோப்பு வைத்திருக்கிறவர். வாசலிலேயே குந்தி, "ரா, ரா" என்று தெலுங்கில் கூப்பிட்டார். ராகி போனது. அவர் அதன் காதைத் தூக்கிப் பார்த்தார், உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது. "மாட்டுச் சந்தைக்காரன் மாதிரி பாக்கான்டி, நாயை வேற எதுக்கோ கேக்கான்" என்று உன் காதில் சொன்னேன். நீ அவர் மடியைக் காட்டினாய். ராகி தூங்கிவிட்டிருந்தது.

முதல் மாதம் போட்டோ வந்தது. காலடியில் கன்னடப் பேப்பர். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போய்விட்டது. வேப்பனப்பள்ளியில் இருக்கிறவனுக்குக் கன்னடப் பேப்பர் எதற்கு? நாயைப் பார்டர் தாண்டிக் கொண்டுபோய் விட்டான், குட்டி போட வைத்து விற்கப்போகிறான் என்றேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருக்கு எந்தப் பேப்பரும் படிக்கத் தெரியாது, இன்ஸ்பெக்டரம்மா" என்றாய். இரண்டாம் மாதம் போட்டோவே வரவில்லை. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி வேப்பனப்பள்ளி போய்விட்டேன்.

நான் பார்த்ததை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வீடு பூட்டிக் கிடந்தது. மாமரத்தில் கயிற்றால் ராகியைக் கட்டியிருந்தார்கள். விலா எலும்பை எண்ணலாம். கழுத்துக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குப் புண். அலுமினியத் தட்டில் தொடாத களி உருண்டை, அதன்மேல் ஈ. என்னைப் பார்த்ததும் அது எழுந்துகூட நிற்கவில்லை, வாலை மட்டும் இரண்டு தடவை தரையில் தட்டியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டேன். பக்கத்துத் தோப்பிலிருந்து யாரோ தெலுங்கில் சத்தம் போட்டார்கள். நான் திரும்பியே பார்க்கவில்லை. காலியாகப் போன ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏறி வந்துவிட்டேன்.

ஓசூர் டாக்டர், உண்ணிக் காய்ச்சல் என்றார். காட்டுப்பன்றி கிழித்த புண் என்றார். "யாரோ நல்லாக் கழுவி மருந்து போட்டிருக்காங்களே" என்றும் சொன்னார். அதையும் என் காது கேட்டது. செய்த கொடுமையை மறைக்கப் போட்ட மருந்து என்று எடுத்துக்கொண்டேன். சந்தேகப்பட்டுப் பழகியவளுக்கு நல்ல சாட்சியும் கள்ளச் சாட்சிதான்.

மூன்று நாள் ராகி என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. கோழிக் கழுத்து வேகவைத்துப் பிசைந்து கொடுத்தேன், ஈரல் கொடுத்தேன். கதவைப் பார்த்தபடியே கிடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நீ வந்தாய். நாயைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "கொடு, நான் கொண்டு போறேன். ஒரு இடம் இருக்கு" என்றாய். எங்கே என்றேன். "எங்கன்னு மட்டும் கேக்காதே" என்றாய். போட்டோ அனுப்புவார்களா என்றேன். நாயைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினாய்.

ஒரு மாதம் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். நீ நூலைக் கோத்துக்கொண்டே பேச்சை மாற்றுவாய். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ராகி செத்துவிட்டது, அல்லது எங்கோ தொரப்பள்ளி ரோட்டில் டீக்கடை வாசலில் இறக்கி விட்டுவிட்டாய். இரண்டில் ஒன்று. ஒருநாள் கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டேன்: "பாசமா வளர்க்கிற மாதிரி வேஷம் போட்டு, கடைசியில ரோட்டுல விட்டுட்டுப் போறவங்களுக்கும் உனக்கும் என்னட்டி வித்தியாசம்?" நீ மிஷினை நிறுத்தவில்லை. கால் மிதித்துக்கொண்டே இருந்தது. உன் முகம் மட்டும் வெளுத்துப்போனது. அதற்குப் பிறகு நான் உன் கடைப்படி ஏறவில்லை.

அந்த மிஷினின் மேலேயே நீ சாய்ந்துவிட்டாய் என்று செய்தி வந்தபோது நான் செகண்ட் ஷிஃப்டில் இருந்தேன். ஓடிவந்தேன். உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பின்கட்டுக்குப் போய் ஒவ்வொரு நாயாகப் பார்த்தேன். திரும்பி வந்து, அழுதுகொண்டிருந்த உன் மகளிடம், "ராகி எங்கேன்னு அம்மா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

இப்போது உன் போனில் அந்தப் போட்டோவுக்கு மேலே தள்ளிப் பார்த்தேன். மாதம் ஒரு ராகி. தெலுங்குப் பேப்பர், தமிழ்ப் பேப்பர், கன்னடப் பேப்பர், டீக்கடையில் எது கிடைத்ததோ அது. புண் ஆறி மயிர் முளைப்பது மாதாமாதம் தெரிகிறது. அனுப்பியவர் வெங்கடப்பா. எடுத்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டிருக்கிறாய்! கடைசி மூன்று மாதப் போட்டோக்களுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. அதற்கும் முன்னால் உன் குரல் பதிவுகள், எல்லாம் தெலுங்கில். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. உன் மகளுக்கு அனுப்பி அர்த்தம் கேட்டேன். அவள் ஒன்றை மட்டும் வரி வரியாகச் சொன்னாள்:

"அவ மேல கோவப்படாதீங்கண்ணா. திருடி இல்லை. அது அவ பால் கொடுத்து வளர்த்த நாய், அதான். நீங்க மாத்திரை வாங்கத்தான் கிருஷ்ணகிரி போயிருந்தீங்கன்னு இப்பச் சொன்னா அவ ஒடஞ்சு போயிடுவா. நாய் நல்லாத் தேறட்டும். மாங்கா சீசன் முடியட்டும். நானே கூட்டிட்டு வந்து காட்டறேன்."

சீசன் முடிவதற்குள் நீ போய்விட்டாய். நீ ஏன் இப்படிச் செய்தாய்? சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன், சரி. அழுதிருப்பேன், அவர் காலில் விழுந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். இப்போது யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? கோபமாக வருகிறது உன்மேல். இதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. என்னைக் காப்பாற்ற மட்டுமா மறைத்தாய்? நான் திரும்பவும் போய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவேன் என்ற பயமும் உனக்கு இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும். என்னை உன்னைவிட யார் அறிவார்?

இன்று ஞாயிறு. காலையில் வேப்பனப்பள்ளி போய்வந்தேன். இந்தத் தடவை முதலிலேயே போன் செய்து சொன்னேன். தோப்பு வாசலில் நின்று குரல் கொடுத்துக் காத்திருந்தேன். வெங்கடப்பா வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்தார். அவர் பின்னாலேயே ராகி, நன்றாகப் புஷ்டியாக. "ராகி" என்றேன்.

அது நின்றது. காற்றை மோந்தது. பிறகு உறுமியது. நான் ஒரு அடி வைத்ததும் அவர் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, வேட்டிக்கு இடையிலிருந்து என்னையே பார்த்தது. என்னை அதற்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததால்தான் ஒளிந்தது.

"அது எல்லாரையும் பாத்தா அப்பிடித்தாம்மா" என்று அவர் பொய் சொன்னார். நல்ல மனுஷன். கட்டிலைப் போட்டு உட்காரவைத்து, மெல்லக் கேட்டார்: "தையல்காரம்மாவுக்கு என் மேல என்ன கோவம்? மூணு மாசமா பதிலே வரலை. மறுபடி நாயைக் கேட்டு வரப்போறீங்களோன்னு பயந்து இவ தினம் சாமி கும்பிடறா." சமையலறை வாசலில் அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்தபடி நின்றிருந்தார். நீ இல்லை என்று நான்தான் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நாயை யாரும் கேட்டு வர மாட்டாங்க. இது உங்க நாய். இனிமே போட்டோவும் வேண்டாம்ணே" என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "அந்தம்மா கேட்டது. நான் போடுவேன்" என்றார். ராகி கடைசிவரை என் பக்கம் வரவில்லை. நான் வாங்கிப்போன பிஸ்கட்டை அவர் கையால் கொடுத்த பிறகுதான் தின்றது. இத்தனை வருஷத்தில் நான் போய்ப் பார்த்த வீடுகளில் ஒரு குறையும் எழுத முடியாத வீடு இது ஒன்றுதான்.

திரும்பும்போது பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டவில்லை, பையில் உன் போன் அதிர்ந்தது. ஒன்றாம் தேதிகூட இல்லை. ராகி தோப்பு வாசலில் நான் நின்ற இடத்தை மோந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ அவசரமாக விரித்த பேப்பர், ஒரு மூலை மடிந்து கிடந்தது. ராகியைத்தான் முதலில் பார்த்தேன். ஓசூர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழக்கதோஷம், இறங்கும்போது தேதியையும் பார்த்துவிட்டேன். நாலு நாள் பழைய பேப்பர். நான் ஒன்றும் கேட்கவில்லை.