கூட்டாளிக்குக் கிடைத்த சக்கர நாற்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகன் வணங்கி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

மரம் அறுக்கும் மில்லில் என் கூட்டாளிக்குக் கால் போனதைச் சொன்னேன் அல்லவா? ரம்பத்தின் மூடி கழன்று கிடப்பதை முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தோம். இந்த ஊர்ச் சேவைச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை சங்கத்து விருந்தில் கூட்டாளிக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். ஒரு அம்மாள் அழுதேவிட்டார்.

"ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுப்பா" என்றார் முதலாளி. கூட்டாளிக்கு இவர்கள் பாஷை தெரியாது. நான்தான் மாற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் மைக்கில், "மூடிய மாட்டிட்டாங்களான்னு கேளுடா. நாளைக்கு அந்த ரம்பத்துல நிக்கப்போறது நீதானே" என்றான்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "உங்கள் அன்பை உயிருள்ளவரை மறக்க மாட்டானாம்" என்றேன். அப்படி ஒரு கைதட்டல்.

"என்னடா சொன்னாங்க?"

"மாட்டிட்டாங்களாம்."

அதன்பிறகுதான் அவன் சாப்பிட்டான்.

நீ பயப்படாதே, நான் தள்ளி நின்றுதான் வேலை செய்கிறேன். எங்கள் அறை மாடியில், லிஃப்ட் கிடையாது. நாற்காலி படிக்கட்டின் கீழே நிற்கிறது. அவனை நான் முதுகில் தூக்கிப்போகிறேன். கனமே இல்லை.

உன் பழைய நூல் புடவை இரண்டு அனுப்பு. ஒன்று அவன் வெட்டுப்பட்ட காலில் சுற்ற. கடைத்துணி உறுத்துகிறதாம். மற்றது எனக்கு. துவைக்காமல் அனுப்பு.

மில் வண்டி வந்துவிட்டது.

உன் மகன்