கை பிடிக்காமல் தாரா

மார்ச் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. பெருக்கியது, துடைத்தது, பாய் விரித்தது. இரண்டு பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகல்.

கிரேஸ் மிஸ் எல்.கே.ஜி. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெயர் எழுதச் சொன்னார். தாரா பென்சிலைப் பிடித்தாள், கையைத் தாளில் வைத்தாள், அப்படியே இருந்தாள். பிறகு அழுகை.

"ஹோம்வொர்க் மட்டும் அச்சு மாதிரி வருது. வெள்ளிக்கிழமை திரும்பப் பாப்பேன். எழுதலைன்னா இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.தான்" என்றார் மிஸ்.

கண்ணைத் துடைத்துவிடப் போனேன். பென்சிலோடு கையை என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் புரிந்தது. வீட்டில் கையைப் பிடித்து எழுதவைக்கிறார்கள். தானாக ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

மிஸ்ஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே ஆயா வேலைக்கு வந்து ஏழு மாதம், நான் பேசியதெல்லாம் "சரிங்க மிஸ்".

மார்ச் 10, செவ்வாய்
மதியம் மற்ற பிள்ளைகள் தூக்கம். தாராவோடு சிலேட்டு. "கையப் புடி, அக்கா" என்றாள். என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். "அக்கா கை தூங்குது."

சிரித்தாள். எழுதவில்லை. பத்து நிமிடம். என் கை மரத்தே போனது. கடைசியில் ஒரு கோடு, கோணலாக. அழிக்கப் பார்த்தாள். இருக்கட்டும், அடுத்தது போடு என்றேன். மொத்தம் ஏழு கோடு.

சாயங்காலம் தாராவின் அம்மா. திருமுடிவாக்கத்தில் பட்டறை வேலை, எப்போதும் அவசரம். கேட் அருகே மூன்று முறை வாயைத் திறந்து மூடினேன். பிறகு சொல்லியேவிட்டேன்.

"அக்கா, வீட்டுல கை புடிக்காதீங்க. அவளே எழுதட்டும்."

"இன்னாமா நீ? கை புடிச்சா ரெண்டு நிமிசம். இல்லாங்காட்டி அழுதுகினே கீது. நான் எப்ப சோறு வடிக்கறது? நீ இன்னா டீச்சரா? நீயே ஒம்பதாவதோட நின்னவதானே?"

நிஜம்தான். எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் வராது. அந்தப் பயத்திலேயே பள்ளியை விட்டு நின்றேன். காது சுட்டது. ஆனாலும், "வெள்ளிக்கிழமை வரைக்கும் மட்டும், அக்கா." தாராவைத் தூக்கி முன்னால் உட்காரவைத்தார். வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

மார்ச் 11, புதன்
வாங்க: பினாயில், சாக்பீஸ், எனக்கு ஹேர்பின்.

தாராவின் ஹோம்வொர்க் கோழி கிளறியதுபோல. அம்மா கை பிடிக்கவில்லை! மிஸ் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "என்ன தாரா இது? நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" தாராவின் உதடு பிதுங்கியது.

துடைப்பத்தோடு போய் நின்றேன். "மிஸ், இது அவளே எழுதினது. இதுவரைக்கும் அம்மா கை புடிச்சு..."

மிஸ் என்னையே பார்த்தார். "உனக்குப் பேசக்கூட வருமா?" அவ்வளவுதான். சிவப்புப் பேனாவை மூடிவிட்டார்.

மதியம் த வந்துவிட்டது. துணைக்காலுக்கும் வால் போட்டு ர ஆக்கிவிடுகிறாள். த ர ர ர. "மூணாவதுக்கு மட்டும்தான்டா வால்." எத்தனை தடவை சொன்னேனோ.

மார்ச் 12, வியாழன்
கரண்ட் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் சிடுசிடுப்பு. தாரா சிலேட்டைத் தள்ளினாள். "எனக்கு வராது. போ."

நானும் ஒருநாள் இதையேதான் சொன்னேன். சரி போ என்று விட்டுவிட்டார்கள்.

எடுத்துக் கொடுத்தேன். தள்ளினாள். கொடுத்தேன். ஐந்தாவது தடவை வாங்கிக்கொண்டாள்.

அவள் அம்மா: "நேத்து ஒரு மணி நேரம்மா. சோறே கொழஞ்சிபோச்சி." ஆனால் திட்டவில்லை.

மார்ச் 13, வெள்ளி
மிஸ் கூப்பிட்டார். நான் கதவருகே, வாளியோடு. தாரா த போட்டாள். நின்றுவிட்டாள். பொறுக்க முடியாமல் மிஸ்ஸே கையை நீட்டினார். தாரா பென்சிலை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் போடுவேன்."

துணைக்கால். வாலோடு ர. துணைக்கால். அதோடு நிறுத்தவில்லை. இன்னொரு துணைக்கால், இன்னொன்று, தாளின் ஓரம்வரைக்கும்.

மிஸ் உரக்கப் படித்தார். "தாராஆஆஆ... யாரோ தெருமுனையில நின்னு கூப்பிடுறாங்கடி உன்னை!" சிரித்துக்கொண்டே யு.கே.ஜி. பட்டியலில் பெயரைச் சேர்த்தார்.

தாரா வாசல் பக்கம் திரும்பி, "தோ வரேன்!" என்று கத்தினாள்.