வீணாகும் பால்

தூத்துக்குடியில் இருக்கும் உங்களுக்கு,

நம் மகள் இன்னும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறாள். நஞ்சுக்கொடி முழுக்க அழற்சி கண்டிருந்ததாம். அதனால்தான் எட்டாம் மாதமே, இவ்வளவு சிறியவளாகப் பிறந்துவிட்டாளாம். நம் இருவருக்கும் உள்ள எச்.ஐ.வி. அவளுக்கும் வந்திருக்கிறதா என்பது போகப்போகத்தான் தெரியும். பால் வழியாகவும் அது தொற்றலாம், என் பால் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தையிடம், குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். புதைப்பதற்கு நஞ்சுக்கொடியை ஆஸ்பத்திரியில் தரவில்லை என்று ஏற்கெனவே அவருக்குக் கோபம்.

இன்று மத்தியானம் உங்கள் தங்கை அன்புக்கரசியின் மகனைத் தூக்கிவந்து என் மடியில் போட்டார்.

"நாளைலேர்ந்து அன்பு கம்பெனிக்குப் போறா. உனக்குப் பால் கட்டிக்கினு கீது, வீணாத்தானே பூடுது? இவனுக்குக் குடுமே."

நனைந்த ரவிக்கையைத் தேடி அவன் வாயைத் திறந்தான். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அன்பு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லை. மகனைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அத்தைதான் சிரித்தார். "படிச்சவ வெக்கப்படுறா. இவ தூங்கசொல்லோ பக்கத்துல போட்டா அவனே குடிச்சுக்குவான்."

அதனால்தான் தூங்காமல், ஜன்னல் வழியே வரும் தெரு வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் இதே அறையில் படுத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று உங்களுக்குச் சத்தியம் செய்தேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அதை மீறியிருப்பேன். விடிந்ததும் அன்பிடம் சொல்லிவிடுவேன், உங்களுக்கும் இருப்பதைச் சேர்த்துத்தான்.

அவன் அழத் தொடங்கிவிட்டான். என் ரவிக்கை நனைகிறது. அத்தை எழுந்து விளக்கு சுவிட்சைத் தேடுகிறார்.

உங்கள் மகளைப் பெற்றவள்